பின் சீட்டுக்குக் கீழே

அந்தச் சின்ன கிரைண்டரின் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பல் டாக்டரின் மிஷின் மாதிரியே கத்தும். பல் டாக்டராவது கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவார். என் வீட்டுக்காரர் மதியம் சாப்பிட்டுக் கை காய்வதற்குள் தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரம் வரை விடமாட்டார். 2005ஆம் வருஷத்து வெயில் காலம் முழுக்க எங்கள் மரக்காணம் வீட்டில் அந்தச் சத்தம்தான். வயிற்றில் இருந்த பிள்ளை என் குரலைக் கேட்டதைவிட அதைத்தான் அதிகம் கேட்டிருக்கும்.

பெரிய டார்ச் லைட் அளவுதான் இருக்கும் அந்த மிஷின். பேனா பிடிக்கிற மாதிரி ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம். முனையில் வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம்: துரு சுரண்டக் கம்பி பிரஷ், தேய்க்கக் குட்டிச் சாணைக்கல், இரும்பை அறுக்க அப்பளம் மாதிரி மெல்லிய வட்டம். கோட்டக்குப்பத்தில் இவருடன் படித்த நண்பர் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. "வச்சிக்கடா மாப்ள, இது கைல இருந்தா ஒரு மெக்கானிக்கும் தேவையில்ல" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றோடு எனக்குப் புருஷன் இல்லாமல் போய், ஒரு மெக்கானிக் கிடைத்தார்.

எதற்காக அந்தக் கார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வருஷம் ஏழாம் மாதத்திலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. அப்போது எங்கள் தெருவில் கார் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். இவர் உப்பளத்திலிருந்து ஓடிவந்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். குளிக்கிறார் என்றார்கள். அப்புறம் சாமி கும்பிடுகிறார் என்றார்கள். அப்புறம் சாவி மகனிடம் இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உள்ளேயே அடங்கிப்போயிருந்தது. ஆண் பிள்ளை. இவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இனிமே வண்டிக்காக எவன் வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்த வருஷக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் வாசல்படி வரை வந்து திரும்பிவிட்டது. ஆனால் வீட்டு போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. சில மாதங்களுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். சித்திரை வாக்கில் லாரி வருவது நின்றது. அதற்குள் போர் தண்ணீர் பரவாயில்லை என்று ஆகியிருந்தது. தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்: "இப்ப தெளிஞ்சிடுச்சு, நல்லா இருக்குது." நானும் அப்படித்தான் சொன்னேன். குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் பழையபடி அதே தண்ணீர்.

நான் மறுபடி உண்டாகியிருப்பது தெரிந்த வாரமே இவர் காரை வாங்கி வந்தார். கடற்கரை ஓரமாக ஒரு பங்களாவில் வருஷக்கணக்காகச் சும்மா நின்ற பழைய வெள்ளைக் கார். இன்ஜின் நன்றாக இருந்தது. உடம்புதான் சரியில்லை. சக்கரத்துக்கு மேலே, கதவுக்கு அடியில், தரையில் எங்கே தட்டினாலும் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன்.

"அவன் இன்னா பண்ணுவான்? துரு மேலயே பட்டி போட்டு மூடி, பெயின்ட் அடிச்சிக் குடுத்துடுவான். பாக்க பளபளன்னு இருக்கும். உள்ள அப்படியே தின்னுகினு இருக்கும். நான் இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டப் போறேன்."

அது சரியான பேச்சுதான். இன்றுவரை அதில் நான் குறை சொல்ல மாட்டேன். உப்புக் காற்று வீசுகிற எங்கள் ஊரில் கேட், ஜன்னல் கம்பி, சைக்கிள் எல்லாமே மேல்பூச்சில்தான் உயிர் வாழ்கின்றன. இவர் ஒருவர்தான் அடிவரை போக நினைத்தார்.

வீட்டுப் பக்கவாட்டில் காரை நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, அடியில் கோணி விரித்துப் படுத்துக்கொள்வார். உப்பளத்தில் விடியற்காலை முதல் வெயிலில் நின்ற உடம்பு மறுபடி மதிய வெயிலில் மல்லாந்து கிடக்கும். சிவப்பாகப் பொறி பறக்கும். சூடான இரும்பின் வாசம் சமையல்கட்டு வரை வந்து எனக்குக் குமட்டும். ஒரு நாள் அந்த வட்டத் தகடு சுழலும்போதே உடைந்து, ஒரு துண்டு ஜன்னல் வழியாக வந்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பின்னால் மரக் கதவில் குத்தி நின்றது. பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. என் கழுத்து உயரத்தில் இருந்தது.

"ஏங்க, இது என்னாங்க?" என்று கத்தினேன்.

காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். "நீ ஏன் அங்க உக்காந்த? உள்ள போய் உக்காரு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கீரையை அப்படியே கொண்டுபோய் அவர் முகத்தில் கொட்டியிருப்பேன். வயிறு குனிய விடவில்லை.

சுரண்டி முடித்த இடம் புதுப் பாத்திரம் மாதிரி மின்னும். அதில் ஒட்டியிருக்கும் துருப்பொடி போவதற்காக, போர் மோட்டாரைப் போட்டு டியூபால் பீய்ச்சிக் கழுவுவார். தூசி இருந்தால் பெயின்ட் பிடிக்காதாம். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் விட்டு, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிடுவார். காய்ந்ததும் மேலே லேசாக வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அதையும் துடைப்பார். "தூசி" என்பார். அப்புறம் சிவப்பு பிரைமர், அதன் மேல் கறுப்புத் தார் பூச்சு.

பத்து நாள் கழித்து அந்தக் கறுப்பு சின்னச் சின்னதாய்ப் பொங்கும். அம்மைக் கொப்புளம் மாதிரி. நகத்தால் கிள்ளினால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஈரம். இவர் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு மறுபடி அந்த மிஷின் கத்தத் தொடங்கும். மறுபடி சுரண்டி, மறுபடி கழுவி, மறுபடி பூசுவார். ஒவ்வொரு தடவையும் இரும்பு கொஞ்சம் மெலிந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. இந்தக் காரில் என்னவோ இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வாய் திறந்து சொன்னால் மூடநம்பிக்கை என்பார். சொல்லாமல் இருந்தால் ராத்திரி தூக்கம் வராது.

ஏழாம் மாதம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதத்தின் பேரை யாரும் சொல்லவில்லை. எனக்குக் கால் வீங்கியது. செருப்பு உள்ளே போகவில்லை. அந்தக் காரிலேயே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். பின் சீட்டில் தலையணை வைத்து என்னை உட்காரவைத்து, பஸ்ஸும் லாரியும் அலறிக்கொண்டு போகும் ஈ.சி.ஆரில் அனுமந்தை, கூனிமேடு எல்லாம் தாண்டி ஓட்டிப் போனபோது, அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. யார் வாசலிலும் நிற்காமல் போகிறோம் அல்லவா? நானும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரஷர் ஏறிக்கினே போகுது. ஏம்மா, உப்ப குறைக்கச் சொன்னேன் இல்ல?"

"நான் போடுறதே கொஞ்சம்தாங்க. இப்பல்லாம் குழம்புக்கே போடுறதில்ல."

அவர் நம்பவில்லை. உப்பளத்துக்காரர் பெண்டாட்டி உப்பு போடாமல் சமைக்கிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் அது உண்மை. உப்பு டப்பாவைத் தொட்டே ரொம்ப நாளாகியிருந்தது. போடாமலே எல்லாம் சரியாக இருந்தது. ஏன் சரியாக இருந்தது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் என் அம்மா வந்தார். திண்டிவனத்துக்கும் உள்ளே, ஏரிப் பாசனத்து ஊர் எங்களுடையது. வளைகாப்பு முடிந்ததும் என்னை அங்கே அழைத்துப்போவதுதான் முறை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வாசலில் கார் நிற்கிறது என்று இவர் பிடிவாதம் பிடித்ததால் அம்மாவே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடல் வந்துபோன பிறகு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். அப்படியே வாசலில் துப்பினார்.

"என்னாடி இது? கஞ்சித் தண்ணியா, உப்புத் தண்ணியா? எதுல மொண்டு வந்த?"

"குடிக்கிற தண்ணிம்மா. போர் தண்ணி."

"இதயா குடிக்கிறீங்க? மாசமா இருக்கிறவ இதயா குடிக்கிற?"

சொம்பை வாங்கி நானும் குடித்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதும்போலத்தான் இருந்தது. இவரைக் கூப்பிட்டேன். அவரும் குடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்குது அத்தை. ஊரு மாறி வந்ததால உங்களுக்கு அப்படித் தோணுது." அதோடு விட்டாரா? சிரித்துக்கொண்டே, "உப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதில் நியாயம் இருந்தது என்பதுதான் கொடுமை. பாத்தித் தண்ணீரை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தே இன்னும் எத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று சொல்லிவிடுவார். சுற்றுப்பட்டு அளங்களில் சந்தேகம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெருமை எனக்கும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் வீட்டுத் தண்ணீரில் தோற்றார்.

அம்மா அந்தச் சொம்புத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தார். வீம்புக்காரர். மறுநாள் மதியம் தட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தண்ணீர் வற்றி, தட்டு பூராவும் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். சுரண்டிக் கழுவிய இரும்பில், ஒவ்வொரு தடவையும், தூசி என்று அவர் துடைத்த அதே வெள்ளை.

அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் அளத்தில் இருந்தார். காரின் பின் கதவைத் திறந்தேன். போன வாரம்தான் கடைசிப் பூச்சு முடிந்து, புது ரப்பர் விரிப்பு போட்டு, "இனிமே பிரசவத்துக்குத்தான் இத எடுக்கணும்" என்று துணி போட்டு மூடிவைத்திருந்தார். விரிப்பைத் தூக்கினேன். கறுப்பு வழவழவென்று அழகாக இருந்தது. அவருடைய பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நான் கால் வைக்கிற இடத்தில் லேசாக அழுத்தினேன்.

பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது, ஓட்டை வழியாகக் கீழே கோணி தெரிந்தது.

அம்மா "ஐயோ" என்று வாயில் கைவைத்துக்கொண்டார். நான் இன்னொரு இடத்தில் குத்தினேன், இன்னொரு இடத்தில் குத்தினேன். என்ன வெறி பிடித்ததோ, நிறுத்த முடியவில்லை. அவர் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். தட்டில் இருந்த வெள்ளையை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தார், பாத்தியில் செய்கிற மாதிரியே. பிறகு காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.

ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது விரல் நுனியில் எண்ணெய் பிசுபிசுத்தது.

"இன்னாங்க அது?"

"பிரேக் ஆயிலு. பைப்பையும் சுரண்டிட்டேன். பளபளன்னு இருக்கணும்னு நானேதான் கம்பி பிரஷ் போட்டேன். இப்ப காகிதம் மாதிரி இருக்குது. கசியுது."

அந்தக் காரில்தான் அவர் என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனார். அந்தத் தரையில்தான் நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் குறுக்கே திரும்பியிருந்தால், ஒரு மாடு ஓடிவந்திருந்தால் என்று அன்று ராத்திரி முழுக்க என் மனது ஓட்டிக்கொண்டே இருந்தது. அவரும் தூங்கவில்லை. இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி கிடந்தோம்.

மறுநாளே அம்மா சொல்லி, இவர் திண்டிவனம் பக்கமிருந்து கேன்களில் நல்ல தண்ணீர் வரவழைத்தார். முதல் கேனை எனக்கு வைத்தார். மிச்சத்தைக் காருக்கு எடுத்துப் போனார். காருக்குக் கேன் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பைத்தியம் என்று தெருவில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, புதுத் தகரம் வைத்து, புதுப் பைப் போட்டு, சரியாகச் செய்துவிடலாம் என்றார். அந்த அப்பள வட்டத்தை மாட்டி, பின் சீட்டுக்குக் கீழே இருந்த தரை முழுவதையும் அறுத்து எடுத்தார். கார் நான்கு பக்கமும் செங்கல் மேல் நின்றது. சக்கரம் இல்லை, தரை இல்லை, பிரேக் இல்லை.

அப்படி நின்றபோதுதான் எனக்கு வந்தது. காலையில் தலை வெடிக்கிற மாதிரி வலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. பிறகு இடுப்பில் பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க" என்று கூப்பிட்டேன். மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அம்மா ஓடிப்போய் ஜன்னலில் இருந்த பிளக்கையே பிடுங்கினார்.

அந்தத் திடீர் அமைதியில் அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் செங்கல் மேல் நின்ற காரைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

செருப்பில்லாமல் ஓடினார். எந்த வாசலிலும் நிற்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன் தெருவில் எல்லா வாசலிலும் நின்று கத்தினார். அந்த ஒரே கார் வீட்டில் அன்று கார் இல்லை. பிறகு அவர் ஓடியது அளத்துப் பக்கம். அங்கே உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி ஒன்று, பாதி லோடோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. டிரைவர் நடுத்தர வயசுக்காரர். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. "ஏறும்மா, பாத்து ஏறு" என்று சொல்லி, தன் துண்டை மடித்து சீட்டில் போட்டார்.

கேபினில் டிரைவருக்குப் பக்கத்தில் நானும் அம்மாவும். என் வீட்டுக்காரர் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்தார். வழி நெடுக அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சாமிகளைக் கூப்பிட்டார். எனக்கு ஒரே நினைப்புதான் இருந்தது: போன தடவை மாதிரி உள்ளே அடங்கிப்போய்விடக் கூடாது. அது ஒரு தடவை அசைந்தது. அப்புறம் அசையவில்லை. அனுமந்தையில் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற வண்டிகளைப் பார்த்து டிரைவர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. நான் வயிற்றைத் தட்டிக்கொண்டே வந்தேன். அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்ததும் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. சின்னதாய், கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். கொஞ்சம் தாமதித்துத்தான் அழுதாள். அந்தத் தாமதத்தில் நான் எத்தனை தடவை செத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். தண்ணீரால்தான் பிரஷர் ஏறியதா என்று டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டேன். அப்படி ஒரே காரணமாகச் சொல்ல முடியாது, ஆனால் அதைக் குடிக்காதே என்றார்.

மறுநாள் காலையில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் ராத்திரி முழுக்க வராந்தாவில் அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். உள்ளங்கை ரேகைகளில் துரு ஏறிப்போய்ச் செம்மண் நிறத்தில் இருந்தது.

"கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்கப்பா, அப்பறமா தர்றேன்" என்றார் நர்ஸ்.

வார்டு மூலையில் ஒரு குழாய் இருந்தது. அவர் போய்த் திறந்தார். நான் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் தண்ணீரில் காட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஒரு கை பிடித்து வாயில் விட்டுப் பார்த்தார். துப்பினார். மறுபடி ஒரு கை பிடித்து, வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு திரும்பி என் அம்மாவைப் பார்த்தார். அவர் அழுததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியல அத்தை. நீங்க குடிச்சிப் பாத்து சொல்லுங்க."

அம்மா எழுந்து போய் ஒரு டம்ளரில் பிடித்து, கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்தார். "நல்ல தண்ணிதான் மாப்ள. கழுவுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் கழுவினார். சோப்பு போட்டு, மறுபடி போட்டு, ரொம்ப நேரம் கழுவினார். அம்மாவிடம் அந்த டம்ளரைக் கேட்டு வாங்கி நானும் ஒரு வாய் குடித்தேன். எனக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அம்மா சொன்னதை நம்பி மிச்சத்தையும் குடித்துவிட்டு, பிள்ளையை அவர் கையில் கொடுக்கச் சொன்னேன்.